தொட்டியில் கொட்டிய ஐஸும் நோட்டில் எழுதிய இருபத்திரண்டும்

அன்புள்ள குட்டிம்மா,

இத்தனை நாள் கழித்து மெயில் அனுப்புகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். அப்பாவுக்கு முதுகுவலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி மட்டும் ஏறக்கூடாதாம். பிரிட்ஜைத் திறந்தாலே முணுமுணுக்கிறார், மனுஷனுக்குக் குடிக்க ஒரு வாய் ஐஸ் தண்ணி இல்ல, உன் பொண்ணு கீரைக்கு மட்டும் ஐஸ் பாட்டிலா என்று. லீவில் வந்து சத்துத் தண்ணீரில் நீ நட்டுவிட்டுப் போன கீரைக்காக, அந்தத் தண்ணீர் சூடாகாமலிருக்க, மூடி இறுக்கிய பாட்டில்களை உறையவைத்து, நாலு நாலாகத் தொட்டியில் மிதக்கவிட்டு, மதியமும் ஆபீசிலிருந்து ஓடிவந்து மாற்றி, கால் இரண்டும் விட்டுப்போகிறது.

போனில் சொல்ல வாய் வராததை இங்கே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே கரண்ட் இல்லை, ஒரு பாட்டிலும் உறையவில்லை. மதியம் வந்து பார்த்தால், இருபத்திரண்டைத் தாண்டக்கூடாது என்று நீ சொன்ன தண்ணீர் முப்பத்தொரு டிகிரி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, மீன்கடையில் ஐஸ் வாங்கிவந்து உடைத்துத் தொட்டிக்குள்ளேயே கொட்டிவிட்டேன். பாட்டிலுக்குள்தான் ஐஸ் இருக்கவேண்டும் என்று நீ அத்தனை தடவை சொன்னது அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை. அது உருகிச் சத்துத் தண்ணீர் நீர்த்துப்போக, பயந்துபோய் உரக்கரைசலை அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றினேன். இரண்டு நாளில் இலை நுனியெல்லாம் கருகி, வேர் பழுப்பாகக் கொழகொழத்து, இருபத்துநாலில் ஒன்பது செடி போய்விட்டது. மீன்காரர் வேறு, என்னக்கா, கீரை கவுச்சி அடிக்குதா என்று கேட்டுச் சிரிக்கிறார்.

செடி போனதைக்கூட விடு. நீ காலேஜ் நோட்டில் பார்த்து எழுதிக்கொள்ள, தண்ணீர்ச் சூட்டை நான் தினமும் குறிக்கும் வீட்டு நோட்டில், அன்றிலிருந்து ஐந்து நாளும் இருபத்திரண்டு என்று எழுதி உனக்குப் படம் அனுப்பினேன். உண்மையில் கரண்ட் வந்து வந்து போனதில் ஒருநாளும் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பரீட்சை நேரத்தில் உன்னைக் கலக்கவேண்டாம் என்று செய்தது. ஆனால் நானும் காலேஜில் படிக்கும்போது லேபில் ரீடிங் எழுதியவள்தான், தெரியாமல் செய்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன். சரியான அளவுகளைக் காலண்டர் தாளின் பின்னால் குறித்திருந்தேன், அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் மேடம் கேட்டால் அம்மா பொய் எழுதிவிட்டாள் என்றே சொல், எனக்கு அதில் வருத்தமில்லை.

நீ கண்விழித்துப் படிப்பதெல்லாம் உனக்கு நல்லபடியாகக் கைகூடட்டும்மா. வெள்ளிக்கிழமை காலேஜில் உன் நோட்டைக் கொடுப்பதற்கு முன் அந்த ஐந்து நாளையும் மறக்காமல் மாற்றிவிடு. மீதிப் பதினைந்து செடியை வைக்கட்டுமா, பிடுங்கட்டுமா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டி எழுதினாலும் சரி, சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா