பாஷா கடை டிவியில் நைனா

24.12.1985, செவ்வாய்

நைனா பம்பாய் மாநாட்டுக்குப் போய்விட்டார். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், நைனாவோடு சேர்த்து ஆறு பேர், கட்சி ஸ்பெஷல் ரயிலில். அம்மாவுக்கு இஷ்டமில்லை. பஸ் ஏறும்போது என்னிடம், "மாநாட்டை டிவியில நேராவே காட்டறாங்களாம் பாப்பா. சாந்த் பாஷா கடையில பாரு, கூட்டத்துல நைனா இருப்பேன்" என்றார்.

27.12, வெள்ளி

மண்டிக்கு டிரங்க் கால் வந்ததாம். கூடப் போன தங்கராசு சித்தப்பா பேசினாராம். ஆந்திராவில் ஏதோ ஸ்டேஷனில் நைனா தண்ணீர் பிடிக்க இறங்கினார், வண்டி நகர்ந்துவிட்டது, வேறு பெட்டியில் ஏறியிருப்பார் என்று நினைத்தார்களாம். பம்பாயில் ஆளைக் காணோம். வீட்டுக்குத் திரும்பிவிட்டாரா என்று கேட்டாராம்.

வரவில்லை.

முருகையன் மாமா, அம்மாவின் அண்ணன், உடனே பையோடு வந்துவிட்டார். ரயில் போன வழியில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக விசாரிக்கப் போகிறாராம். நாளைக்கு மாநாட்டை டிவியில் பார்த்துவிட்டுப் போ என்றாள் அம்மா. பின்னால் வந்த ரயிலில் போய்ச் சேர்ந்திருக்கலாமே. இருக்கலாம்தானே?

28.12, சனி

அம்மா தூங்கிவிட்டாள்.

பாஷா அண்ணனின் ரேடியோ ரிப்பேர் கடையில் காலையிலிருந்து கூட்டம். மாடியில் ஒருத்தர் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, "வந்துச்சா?" என்று கத்தினார். டிவி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். "அரிசிதான் கொட்டுது, தலைவரைக் காணோம்" என்றது கீழே ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

திடீரென்று தெளிவாக வந்தது. கடல் மாதிரி ஜனம். முன்னால் ஒருவர் வலது கையால் துண்டைத் தலைக்கு மேலே சுற்றினார்.

"அதோ. உங்க நைனா" என்றாள் அம்மா.

அது நைனா இல்லை. போன ஆடியில் மூட்டை விழுந்ததிலிருந்து அவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அம்மாவுக்குத் தெரியாதா? தினமும் எண்ணெய் தேய்ப்பது அவள்தானே.

இது பழைய படமாக இருக்குமோ என்று மாமா கேட்டார். "இல்லண்ணா. இந்த நிமிஷம் அங்க நடக்கறது" என்றார் பாஷா அண்ணன். மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பாப்பா. நைனாவா?"

அம்மா என் கையை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஆமா" என்றேன்.

மாமா பையைக் கீழே வைத்துவிட்டார். நேற்றிலிருந்து பட்டினி கிடந்த அம்மா இன்றைக்குச் சாப்பிட்டாள்.

30.12, திங்கள்

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

31.12, செவ்வாய்

சொல்லவில்லை. பயமா இருக்குது.

2.1.1986, வியாழன்

மாநாட்டுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். ஐந்து பேர். நைனாவை அங்கே ஒருத்தரும் பார்க்கவேயில்லையாம். மாமா அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

7.1, செவ்வாய்

மாமா வந்தார். தனியாக. நைனாவின் சட்டையைக் கொண்டுவந்தார்.

தண்டவாளத்தோரம் விழுந்து கிடந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் வரை உயிர் இருந்ததாம். ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாராம். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. பெயர் தெரியாமலே புதைத்துவிட்டார்கள்.

இருபத்தெட்டாம் தேதியே மாமா கிளம்பியிருந்தால் — இருபத்தொன்பது, முப்பது — நான் எத்தனை தரம் எண்ணினாலும் —

மாமா அழுதுகொண்டே அம்மாவிடம், "நீதானே அவருதான்னு அடிச்சுச் சொன்ன" என்றார்.

"ஆமாண்ணா. என் கண்ணுதான் மோசம் பண்ணிடுச்சு."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டாளா? இல்லை, எனக்காகவா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

19.1, ஞாயிறு

அம்மா இன்றைக்கு எழுந்து ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தை என் பக்கம் தள்ளினாள்.

"இனிமே நீயே கல்லு பாரு பாப்பா. என் கண்ணை நம்ப முடியல."

நான் குனிந்து கல் பொறுக்கினேன்.