ஒலிபெருக்கியைப் பற்றிய என் புகார்

ஆவணி 14, ஞாயிறு.

 

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் நூறு பேர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்வார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டும் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நானும்தான். எதையும் தாளில் எழுதி, வாசித்துத் திருத்திய பிறகே போனில் தட்டுவேன். இந்தப் புகாரை மூன்று வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இன்று காலை போனையும் தாளையும் ஒரே கையில் பிடித்து உரக்க வாசித்தேன். பெருவிரல் மைக் படத்தின்மேல் இருந்திருக்கிறது. விரலை எடுத்ததும் என் குரல் குழுவுக்குப் போய்விட்டது.

"ஐயோ, ஊரு முழுக்க கேட்டிருக்குமே!" என்றாள் மனைவி.

அழிக்கத் தெரியவில்லை. போனை அரிசிப்பானைக்குள் வைத்து மூடினேன்.

சாயங்காலம் கோயில் கமிட்டித் தலைவரே வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒம்ம சத்தத்த இன்னைக்குத்தான் கேக்கேன். எங்க வீட்டுலயும் இதே பாடுதான். தலைவரா இருந்துட்டு நான் எப்பிடிச் சொல்ல? நாளைக்குக் கமிட்டிக் கூட்டத்துல நீரே பேசணும், கேட்டீரா?"

"சரி" என்றேன். நானா சொன்னேன்!

இப்போது பேச்சை எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வரியிலேயே அடித்தல் வந்தது. தாளைக் கிழித்துவிட்டேன்.

நாளைக்குத் தாளும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்.