சுகந்திக்குக் காட்ட ஒரு கடல் நத்தை

ஜூன் 9, திங்கள்
விடியவே பலத்த காற்று, தூறல். துவைத்த சேர்ட் இரண்டும் காயவில்லை. மத்தியானம் இன்ரவியூ. சீனி முடிந்தது.

ஆறரைக்கு ரயில் பாதை தாண்டிக் கடற்கரை. கற்களுக்கிடையில் தேங்கிய தண்ணீரில் சின்ன விரல் நீளம்கூட இல்லாத ஒரு நீல உயிர். இரு பக்கமும் விரித்த விரல்கள் மாதிரி ஏதோ. தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் சிங்களத்தில் கத்தினார்: "அல்லன்ட எப்பா மஹத்தயா!" தொடவேண்டாமாம். கிடந்த யோகட் கோப்பையால் அள்ளிக்கொண்டு வந்தேன்.

வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் படம் எடுத்தேன். யாருக்கு அனுப்ப? சுகந்திக்குத்தான். என் மனைவி. ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். கொட்டாஞ்சேனைக்கு, தன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதம். ஒரு வார்த்தை இல்லை.

பத்து நிமிடத்தில் பதில்: "இது எங்க கிடைச்சது? கையால தொட்டனீங்களோ?"

இன்ரவியூவில் "அறிவிக்கிறம்" என்றார்கள். கவலை வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
மழை. அது மல்லாந்து கிடந்தது. பாவம் என்று தேக்கரண்டியால் புரட்டிவிட்டேன். திரும்ப மல்லாந்தது. திரும்பப் புரட்டினேன். பதினொரு தரம். சு.வுக்கு எழுதினேன். போனிலேயே கூப்பிட்டுவிட்டாள்.

"ஐயோ, திருப்பாதேங்கோ! அது அப்பிடித்தான் சீவிக்கிறது. காத்தை விழுங்கிப்போட்டு வயிறு மேல கிடக்க மிதக்கும்."

சிரித்தாள். தேக்கரண்டியைக் கீழே வைத்தேன்.

பிறகு ஒரு பாடமே நடத்தினாள். ஓடில்லாத நத்தையாம். இதன் சாதிசனம் கடலடியில் ஊரும், இது மட்டும் நடுக்கடலில் மிதந்து, அடியைக் காணாமலே வாழ்ந்து முடிக்கும். கொட்டுகிற நீலச் சொறிமீனைத் தின்று, அந்த நஞ்சைத் தன் விரல் நுனிகளில் சேர்த்து வைக்கும். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில், ஆனாலும் சோடி வேண்டுமாம். சோடியைக் காற்றுத்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

"சனிக்கிழமை வகுப்பு இல்லை. வந்து பாக்கிறன். அதுவரைக்கும் வைச்சிருப்பீங்களோ?"

"ஓம், ஓம், ஓம்."

வாங்க: சீனி, பால்மா, கிறீம் க்ராக்கர். யன்னல் சீலை தோய்க்க.

ஜூன் 11, புதன்
காலை இரண்டு தரம் கடல் தண்ணீர் மாற்றினேன். மத்தியானம் பார்த்தால் விரல்கள் சுருண்டு அடியில் கிடக்கிறது. தேக்கரண்டியால் தொட்டுப் பார்த்தேன். செத்துவிட்டது. அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன்.

பின்னேரம் சு.: "எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்று போட்டேன். யோசிக்கவேயில்லை.

ஜூன் 12, வியாழன்
வானம் மப்பு. பம்பலப்பிட்டி வரை நடந்து தேடினேன். இன்னொன்று கிடைத்தால் போதும். பிளாஸ்டிக், ஒற்றைச் செருப்பு, கோயில் பூமாலை. நத்தை இல்லை.

சு.: "இண்டைக்கு நீந்துதோ?"

"ஓம், வலு கலாதியா நீந்துது."

வெட்கமாக இருக்கிறது. வேலை போன பிறகும் இப்படித்தான். ஆறு மாதம் தினமும் சேர்ட் அயன் பண்ணி, சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு, ஐந்து மணிவரை கடற்கரைக் கல்லில் இருந்தேன். "வேலை எப்பிடி?" என்று கேட்பாள். "நல்லா போகுது" என்பேன்.

போகும்போது சொன்னாள்: "வேலை போனதுக்கில்லை. ஆறு மாசமா என்னைக்கொண்டு சாப்பாடு கட்டுவிச்சீங்களே, அதுக்குத்தான் போறன்."

ஜூன் 13, வெள்ளி
வெயில். யன்னல் சீலை காய்ந்தது. மேல்மாடி அன்ரி படியில் கண்டு, "வீடெல்லாம் கழுவியிருக்கு. ஆரும் வருகினமோ தம்பி?" மழுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

பத்து மணிக்கு சு.வுக்கு எழுதினேன்: "அது புதன்கிழமையே செத்துட்டுது. நான் பொய் சொன்னனான்."

இரண்டு குறியும் நீலமாயின, வாசித்துவிட்டாள். பருப்பு வைத்தேன், சாப்பிட முடியவில்லை.

மூன்று மணிக்குப் பதில்: "தெரியும். கிண்ணத்துக்குள்ள அவ்வளவு நாள் தாங்காது. நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சரி, இனி வந்து பாக்க ஒண்டும் இல்லைத்தானே."

வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. கிண்ணத்தைக் கழுவினேன். தனியே இருக்க முடியவில்லை எனக்கு. இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன்: "ஓம், பாக்க ஒண்டும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறன். வாரும்."

நாலு இருபதுக்கு அனுப்பினேன். இப்போது ஐந்தரை. சாம்பல் குறி ஒன்றுதான், அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.