முதல் அகப்பை

பாவா, வெட்கக்கேடான ஒரு சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் வரைக்கும் உங்கள் அகப்பையால்தான் நான் முதுகு சொறிந்துகொண்டிருந்தேன்.

தர்ம சங்கத்துக் கஞ்சித் தொட்டியில் நீங்கள் கையில் பிடித்து நின்ற அதே அகப்பைதான். காம்பு நீளமான மூங்கில் இல்லையா, எட்டாத இடமெல்லாம் எட்டுகிறது. அக்கா பார்த்துவிட்டாள். "எங்க வூட்டுக்காரரு கையில இருந்தப்போ அதுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. உன் கையில வந்து சீரழியுது பாரு!" என்று பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். கொட்டாங்குச்சி நனைந்ததும் கேழ்வரகுக் கஞ்சி வாசனை எழுந்தது. கூடவே ஒரு தீய்ந்த வாசனை. நீங்கள் காய்ச்சிய கஞ்சி ஒரு நாளாவது அடிப்பிடிக்காமல் இருந்ததுண்டா?

அந்த வாசனைக்குத்தான் இந்தக் கடுதாசி. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் வகுப்போடு கும்பிடு போட்டவன் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு வேறென்ன வேலை.

உலகச் சண்டைக் காலத்தில் அரிசி கண்ணில் படாமல் போனதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடித் தேங்காய்க் கடையைப் பூட்டிவிட்டு, குளத்தங்கரைக் கொட்டகையில் அண்டா முன்னால் போய் நிற்க ஆரம்பித்தீர்கள். கூலி கிடையாது. யாரும் கூப்பிடவும் இல்லை. "வேட்டியெல்லாம் புகை நாத்தம், வண்டியில ஏத்த மாட்டேன்" என்று நான் கிண்டல் செய்தால், "உன் குதிரை நாத்தத்துக்கு இது எவ்ளோ தேவலை மச்சான்" என்பீர்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் அகப்பைக் கஞ்சியைத் தலைவர் தம் கையால் ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் யாரும் ஊற்றக் கூடாது. அவர் பட்டணத்தில் மண்டி வைத்திருந்தவர். தானியம் அவர் கொடுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ரயிலில் வந்து சேர வேண்டுமே? சிப்பாய்களை ஏற்றிய வண்டி குறுக்கே வந்தால் மற்ற வண்டிகளை அரக்கோணத்தில் நிறுத்திவிடுவார்கள். அவர் அங்கே நின்றால், இங்கே கஞ்சி நிற்கும். பசித்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதை எழுதும்போதே பென்சில் முனையை ஒடித்துவிட்டேன். கோபத்தில்தான். எழுதத் தெரியாததால் என்று சிரிக்காதீர்கள்.

அந்த ஒரு காலையை மறந்திருக்க மாட்டீர்கள். தலைவரை ஏற்றி வர ஜட்காவோடு ஸ்டேஷனுக்குப் போனவன், ரயில் வர நேரமாகும் என்று கேள்விப்பட்டு அதைச் சொல்லக் கொட்டகைக்குத் திரும்பினேன். கே.ஜி.கண்டிகையிலிருந்து நடந்து வந்திருந்த முனியம்மா எழுந்து நின்றாள். வெயில் ஏறுவதற்குள் களையெடுக்கப் போகாவிட்டால் அவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

"நைனா, எனக்கு வேணாங்க. புள்ளைக்காச்சும் ஒரு வாய் ஊத்துங்க. நான் போய்க்கினே இருக்கேன்."

அவள் இடுப்பிலிருந்த பிள்ளை தொன்னையை நக்கிக்கொண்டிருந்தது. இன்னும் எதுவும் ஊற்றாத தொன்னை.

சங்கத்துக் காரியதரிசி குறுக்கே வந்தார். "தலைவர் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. குடுத்தவருக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதைய ஊத்தினா அந்தப் புள்ளைக்குப் பசி அடங்குமாங்க?" என்றீர்கள்.

பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்து, அதில் ஓர் அகப்பைக் கஞ்சி ஊற்றி, தட்டால் மூடி ஓரமாக வைத்தீர்கள். "இது தலைவரோடது. முதல் அகப்பை அவரு பேருக்கு எடுத்தாச்சு. இனிமே ஊத்தலாம்." இரண்டாவது அகப்பை அந்தப் பிள்ளையின் தொன்னைக்குப் போனது. காரியதரிசி வாயைத் திறந்தபடி நின்றார். அவர் வாயிலும் ஒரு அகப்பை ஊற்றியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு குறை.

ஒருவழியாக ரயில் வந்து, தலைவர் என் ஜட்காவில் ஏறினார். ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "குதிரைக்குக் கொள்ளு வெச்சியா? ரொம்ப மெதுவா போவுதே."

"ஆங், ஆச்சுங்க. அதுக்குத் தலைவர் யாரும் இல்லீங்களே, நேரத்துக்குத் தின்னுடும்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை.

கொட்டகையில் கால் வைத்ததும் விளங்கிவிட்டது. "யாரு தொட்டது?" என்று கத்தினார். நீங்கள் கிண்ணத்தை எடுத்து நீட்டினீர்கள். "உங்க பங்கு பத்திரமா இருக்குதுங்க. ஆறிப்போச்சு, அவ்ளோதான்." இந்த ஆள் இனி இங்கே வரக் கூடாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். முனியம்மா அதற்குள் கழனிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். அது போதும் என்பதுபோல நீங்கள் அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்குத்தான் ஆறவில்லை. கஞ்சியைக் கண்ணெதிரே வைத்து, நான் வந்து ஊற்றும் வரை பட்டினி கிட என்று சொல்வதற்குத் தர்மம் என்று பேர் வைத்தார்களே! குதிரையின் வயிற்றை விசாரிக்கத் தெரிந்தவருக்கு மனிதர் வயிறு தெரியாமலா போயிற்று?

அடுத்த ஞாயிறும் போய் அண்டா முன்னால் நின்றீர்கள். "உன்னத்தான் வரக் கூடாதுன்னாரே?" என்றார் காரியதரிசி. "சம்பளம் இல்லாத வேலையிலேர்ந்து எப்டிங்க நீக்குவீங்க?" என்றீர்கள். அந்தப் புகையில் நிற்க அவருக்கு வேறு ஆள் இல்லை.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சண்டை நின்றது, ரேஷன் கடை வரிசை நிற்கவில்லை. சங்கத்துக்குப் புதுத் தலைவர். உள்ளூர்க்காரர்தான், வீடு கூப்பிடு தூரம். அவருக்குப் பூஜை முடிய வேண்டும், பலகாரம் முடிய வேண்டும், வெற்றிலை முடிய வேண்டும். அதுவரை கஞ்சி நிற்கிறது. பெரியவர்கள் மாறினாலும் வழக்கத்தை மட்டும் விட மாட்டேன் என்கிறார்கள்.

இன்று காலை, அக்கா கழுவி மாட்டியிருந்த ஆணியிலிருந்து அகப்பையை எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் பொறுமை எனக்கு வரவில்லை, அகப்பைதான் வந்தது. முதல் அகப்பையைக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தேன். முனியம்மா வரிசையில் இருந்தாள். பிள்ளை இப்போது தானே தொன்னை பிடிக்கிறான்.

"இன்னா ஜட்காக்காரரே, குதிரைக்கு இன்னிக்கு லீவா?" என்றாள் முனியம்மா.

"அது சாப்ட்டாச்சு. நீங்கதான் பாக்கி" என்று ஊற்ற ஆரம்பித்தேன்.

எல்லாரும் குடித்த பிறகு தலைவர் வந்தார். கிண்ணத்தைக் காட்டினேன். அதைப் பார்க்காமல், "அகப்பையக் குடு" என்று கையை நீட்டினார். இரண்டு கையாலும் கொடுத்தேன். முதுகு சொறிந்ததில், கொட்டாங்குச்சியைக் காம்போடு இறுக்கியிருந்த ஆப்பு கழன்றிருக்க வேண்டும்.

தலைவர் அண்டாவின் அடியைக் கிளறித் தூக்கினார். மூங்கில் மட்டும் வந்தது. கொட்டாங்குச்சி உள்ளேயே தங்கிவிட்டது. முனியம்மாவின் பிள்ளை தொன்னையை நீட்டினான். தலைவர் அதற்கு மேலே மூங்கிலைப் பிடித்தார். ஒரு சொட்டு விழுந்தது. காரியதரிசி கை தட்டினார்.