ஸ்டெல்லா செய்த கடைசிப் பொடி

என் செல்லமே ஸ்டெல்லா,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கேட்க வழியும் இல்லை. கோபப்படாமல் முழுவதையும் கேள்.

கரியமில வாயுவை மெத்தனாலாக மாற்றும் வினையூக்கி எவ்வளவு வேலை செய்யும் என்று கணினியில் முன்கூட்டிச் சொல்வது என் பாடு. செம்பும் துத்தநாகமும் சேர்த்து அந்தக் கருப்புப் பொடியைச் செய்து, உலையில் ஏற்றி அளப்பது உன் பாடு. காலையில் வந்ததும் வராததுமாக, "இன்னாக்கா, உன் ஏட்டுச் சுரைக்கா இன்னா சொல்லுது?" என்பாய். அந்தக் குரல் இல்லாமல் வேலை தொடங்க எனக்கு இன்னும் பழகவில்லை.

மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, ஆய்வகத்தில் மற்றவர்கள் உன் பொடியை மறுபடி செய்து பார்த்தார்கள். அதே அளவு, அதே சூடு. உன்னுடையதில் பாதிதான் வேலை செய்தது. என் கணிப்பும் அந்தப் பாதியைத்தான் சொன்னது. இரண்டு பேர் ஒரே பேச்சாகச் சொன்னால் மூன்றாமவள்தானே பொய்யாவாள்? அதுவும் வந்து பதில் சொல்ல முடியாதவள்.

"பாவம், ஏதோ தப்பா அளந்துட்டா. ஸ்டெல்லாவோட எண்களை எடுத்துட்டுக் கட்டுரையை அனுப்பிடலாம்" என்றார் நம் பேராசிரியர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்திருந்தால் உன் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லியிருப்பாரா?

அலமாரியில் உன் கையெழுத்தோடு ஒரு சீசா இருந்தது. ஒரு சோதனைக்குக் காணும் அளவு பொடி. உலைக்குள் போனால், சூடு சமமாகப் பரவச் சேர்க்கும் மணலோடு கலந்து உருமாறித்தான் வெளியே வரும். நீ செய்ததில் மிச்சம் அது ஒன்றுதான். முடிவெடுக்க நான் யார்? அடையாற்று ஆய்வகத்திலிருந்து நேரே நொச்சிக்குப்பத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மா மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுச் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதான் பாப்பா செஞ்சதா?"

"ஆமாம்மா. சோதிச்சா திரும்பக் கிடைக்காது. வேணும்னா நீங்களே வச்சுக்குங்க."

"அது பொய் எழுதிச்சுன்றாங்களா?"

"தப்பா அளந்துட்டான்னு சொல்றாங்க."

கட்டைவிரலால் உன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சீசாவை என் கையில் திணித்தார். "நான் வச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்? போட்டுப் பாரு. எம் பொண்ணு பேரு கெடக் கூடாது."

போட்டோம். உன் எண் வந்தது ஸ்டெல்லா. நீ எழுதி வைத்த அதே எண். பேராசிரியர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

சீசாவின் அடியில் ஒட்டியிருந்த துகளைப் பரிசோதித்தபோது காரணமும் தெரிந்தது. மற்றவர்கள் செய்த பொடியில், செய்யும்போது சேர்க்கும் சோடா உப்பின் சோடியம் தங்கி அதன் வேலையைக் கெடுத்திருந்தது. உன்னுடையதில் இல்லை. செய்முறையில் 'நன்கு கழுவவும்' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த நன்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. நீயோ கழுவிய தண்ணீரையே அளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "போதும்டி, கேன்டீன் மூடிடுவான்" என்று நான் கத்தினாலும், "சோடியம் இன்னும் கீதுக்கா" என்று மறுபடி ஊற்றுவாய். என் கணிப்புக்குப் பொடியில் என்னென்ன சேர்ந்தது என்று தெரியும், எப்படிக் கழுவினாய் என்று தெரியாது. இப்போது அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். என் ஏட்டுச் சுரைக்காயும் உன் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். உன்னை மெய்யென்று காட்ட, உன் கையால் ஆனதில் கடைசியையும் தீர்த்துவிட்டேனே. உன் அம்மாவிடம் பொடி தீர்ந்ததைச் சொன்னேன். "சரியா வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். வந்தது என்றதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வரும். இறந்தவர் என்று காட்ட அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி போடுவார்கள். அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் நான் இருக்கும்வரை, உன் எண்களில் ஒன்றின்மேல்கூட யாரையும் கைவைக்க விடமாட்டேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
வசந்தி
மந்தைவெளி