கோபுரத்தை மூழ்கடித்த கடலைப் பற்றித் துலாங்க அரசிக்கு விடுத்த ஓலை

கீழ்க்கடலில் கதிரவன் மறையும் வெண்கோட்டு நாட்டை ஆளும் ஆதன்வேள், கடலுக்கு அப்பால் துலாங்கத் தீவைக் குடையும் கோலும் தாழாது காத்துவரும் மாட்சிமை பொருந்திய அரசி சனாவதியார் திருமுன்னர் விடுக்கும் ஓலை. தங்கள் மரக்கலங்கள் நலமே கரை சேர்க. தங்கள் குடிகளின் அடுப்புகள் அணையாதிருக்க.

சென்ற தைத் திங்களில் தாங்கள் எம்மை நம்பி அனுப்பிய மாணாக்கர் பன்னிருவரும் உடல்நலத்துடன் உள்ளனர். இதை முதலில் சொல்லிவிட்டோம். இனிச் சொல்லப்போவது எமது குற்றம்.

கடிகை எனும் எமது உயர்கல்விச் சாலையில் தங்கள் மாணாக்கர் ஒருவருக்கு எம் மாணாக்கர் ஒருவரென இணை சேர்த்து, இருவர் அறிவும் கலந்த ஏடு ஒன்றை இருவருமாய் எழுத வேண்டும் என்பதன்றோ நாம் செய்துகொண்ட உடன்பாடு! இணை சேர்த்த அன்றே யாம் ஓர் ஆணையும் பிறப்பித்தோம்: வந்தவர் விருந்தினர், சொல்லாலும் அவர் மனம் நோகலாகாது. பெருமையாகத்தான் பிறப்பித்தோம். அதுவே வினையாயிற்று.

தங்கள் மாணாக்கருக்கு உயர்ந்த இருக்கை இட்டு எம்மவர் தரையில் அமர்ந்தனர்; அவர்களுக்குப் பரிமாறிவிட்டுத் தாம் தனியே உண்டனர்; அவர்கள் தவறாகச் சொன்னாலும் தலையாட்டினர். தங்கள் நாட்டு இலமாயியும், அவளுக்கு இணையான எம் நாட்டு வேண்மாளும் துறைமுகத்தில் கடலின் ஏற்றவற்றத்தை நாள்தோறும் குறித்துவந்தனர். ஏழாம் திங்களில் ஒருநாள் இலமாயி, கடல் ஏறிவந்து அரண்மனைக் கோபுரத்தை மூழ்கடித்தது என்று வேண்டுமென்றே எழுதினாள். அதன் கீழே வேண்மாள் அழகிய எழுத்தில், யானும் கண்டேன் என்று எழுதினாள். கடிகைத் தலைவர் மிக நன்று என்றார். அமைச்சர் மூவரும் அவ்வாறே பாராட்டி எம்மிடம் அனுப்பினர். மூழ்கிய கோபுரத்தின் மேல்மாடத்தில் அமர்ந்துதான் அதைப் படித்தோம்.

முதலில் சிரித்தோம். பிறகு இருவரையும் அழைத்துக் காரணம் கேட்டோம். ஏழு திங்களாகத் தன்னை மறுத்து ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை என்றும், இருக்கை தருவார் பலருண்டு, அருகில் அமர்வார் எவருமில்லை என்றும், என்ன எழுதினால் வேண்மாள் தன்னோடு சண்டையிடுவாள் என்று பார்க்கவே அவ்வாறு எழுதியதாகவும், தன்னை ஏசுவதற்குத் தாய் இருக்கும் வீட்டிற்கே போக விரும்புவதாகவும் இலமாயி விண்ணப்பித்தாள். ஆணைக்கு அஞ்சியே அப்படி எழுதியதாகவும், பேச எண்ணி இலமாயியின் கதவு வரை பன்முறை வந்து திரும்பியதாகவும் சொல்லி வேண்மாள் அழுதாள்.

அரசியாரே, முடிசூடிய நாள் தொட்டுப் பத்தொன்பது ஆண்டுகளாக எம்மையும் எவரும் மறுத்ததில்லை. யாம் சொல்வதெல்லாம் மிக நன்று. இத்தனை பேர் நடுவே இருந்துகொண்டு தனிமை என்று சொல்ல இதுவரை வெட்கமாயிருந்தது. அந்தப் பெண் வாய்விட்டுச் சொன்ன பிறகே எமக்கும் சொல்லத் துணிவு வந்தது.

ஆகவே புதிய ஆணை பிறப்பித்தோம். தங்கள் மாணாக்கர் இனி எம் விருந்தினர் அல்லர். எம்மவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர், தம் முறை வரும்போது நீர் இறைப்பர், பாத்திரம் தேய்ப்பர். பிழை கண்டால் இணையர் மறுக்கக் கடவர். மறுநாளே, கடலேற்றம் தொடங்கிய நாழிகை எது என்று இலமாயியும் வேண்மாளும் உச்சிப்பொழுது வரை பூசலிட்டதாகத் துறைக்காவலர் வந்து முறையிட்டனர். ஆயினும் இலமாயி ஊர் திரும்பும் எண்ணத்தை இன்னும் விடவில்லை. தங்கள் மறுமொழி வரும்வரை மட்டும் பொறுத்திருக்க இசைந்துள்ளாள். இன்னும் ஒரு பருவம் அவளை இங்கே இருக்கச் சொல்லி எழுதியருள வேண்டுகிறோம்.

அம்மறுமொழியில் எம்மைப் பாராட்ட வேண்டா. இவ்வோலையின் முதல் வரியில் அறிந்தே ஒரு பொய்யை வைத்தோம். அவையில் யாம் அதைச் சொல்லக் கேட்ட அமைச்சர் மூவரும் மிக நன்று என்றனர். எழுதுபவர் கையும் நிற்கவில்லை. தாங்களாவது எம்மை மறுத்து எழுதுக. காத்திருப்போம்.

இவ்வாறு ஆணையிட்டு, எமது மீன்கொத்தி முத்திரை பொறித்தோம்.

இவ்வோலையை எழுதினேன், ஓலைநாயகம் பெருங்காரி. என் கை நின்றது, மன்னவா, நாத்தான் எழவில்லை. கீழ்க்கடலில் கதிரவன் உதிக்கும்.