தெற்கே நின்ற மாமரம்

கரமனை, திருவனந்தபுரம்
28 மே 2025

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

மாடி அறையில் குடியிருக்கும் இசக்கியம்மாள் எழுதுகிறேன். உங்களுக்கு வரும் தபால்களை மாதம் ஒருமுறை உறையில் போட்டு அனுப்பச் சொன்னீர்கள். நடுவில் நானாக ஒரு கடிதம் வைப்பது அதிகப்படி என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கேட்கும். மீதியை உங்கள் மகன் ஜெயகுமார் சார் சுருக்கிச் சொல்லிவிடுவார். சுருக்கிச் சொல்லக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குக் காற்று அடித்தது. கால்மணி நேரம்கூட இருக்காது. தெற்கு மூலையில் நின்ற மாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. வீட்டின் மேல் விழவில்லை. கிழக்குச் சுவரை உடைத்துக்கொண்டு, நம் வீட்டுக்கு வரும் கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு, சபீனா அக்கா வீட்டு அடுக்களைக் கூரையில் தலை வைத்துப் படுத்துவிட்டது. அக்கா அப்போது மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கையில் கரண்டியோடு வெளியே ஓடி வந்தவர், கிளைகளுக்கு நடுவே என் முகத்தைப் பார்த்ததும், "அல்லாவே! நாலு மாங்கா குடுன்னுதானே கேட்டேன். மரத்தையே அனுப்பிட்டியே!" என்றார். பிறகுதான் அடுப்பு நினைவுக்கு வந்து அணைக்க ஓடினார். ஓடு நான்கும் ஒரு ஷீட்டும் உடைந்தன. யாருக்கும் அடியில்லை.

லைன்மேன் கிரீஷ் மறுநாள் காலையில் வந்து பார்த்தார். "மரம் மாற்றாதெ லைன் தொடான் பற்றில்ல மோளே. வெட்டான் ஆளுண்டோ?" என்று கேட்டார். மரத்தை எடுக்காமல் கம்பியைத் தொட முடியாதாம். ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது ஆளுக்கு எங்கே போவது? ஜெயகுமார் சாரைக் கூப்பிட்டேன். "வெட்டி எறிஞ்சிடும்மா, இடத்தை கிளீன் பண்ணிடு" என்றார். கழக்கூட்டத்தில் என் அப்பா கொத்து வேலை செய்யும் கட்டடத்தில் மழையால் வேலை நின்றிருந்தது. அப்பாவும் இரண்டு பேரும் மிஷின் வாள் இரவல் வாங்கிக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்தார்கள். மரத்தை அப்புறப்படுத்தியாகிவிட்டது.

இன்றும் கரண்டு வரவில்லை. கிணற்றில் வாளி போட்டு இறைக்கிறேன். உங்கள் அறையில் மழை இறங்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் கைவைத்துப் பார்த்தேன், ஈரமில்லை. தெருவில் வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

முட்டு வலி எப்படி இருக்கிறது?

பணிவுடன்,
த. இசக்கியம்மாள்


பெங்களூர்
2 ஜூன் 2025

அன்புள்ள இசக்கியம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இனி மன்னிப்பெல்லாம் வேண்டாம். கழக்கூட்டத்து ஆபீசில் நாள் முழுக்க யார் யாரிடமோ வருத்தம் தெரிவித்து டைப் அடிப்பதுதான் உன் உத்தியோகம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வீட்டிலும் அந்த வேலை எதற்கு?

உன் அப்பா தங்கபாண்டியிடம் என் நன்றியைச் சொல். சபீனா வீட்டுக் கூரையை உடனே சரி செய்ய வேண்டும். அதற்கு ஜெயகுமாரிடம் சொல்லிவிட்டேன்.

இனி மரத்துக்கு வருகிறேன். அது என்ன மரம் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஊர்ப்பக்க வீடுகளில் தெற்கே ஒரு மாமரம் நிற்கும், மாவு என்பார்கள். வீட்டுக்காரர் போகும்போது அதை வெட்டித்தான் சிதைக்கு வைப்பார்கள். நம் வீட்டில் இரண்டு நின்றன. ஒன்று நான்கு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி பார்வதியோடு போயிற்று. விழுந்தது மற்றது. என்னுடையது. எனக்கு முன்னால் அது முந்திக்கொண்டது!

பச்சையாக வெட்டி வைப்பதுதான் வழக்கம். இனி அதற்கு வழியில்லை. காய்ந்தால் இன்னும் நன்றாகத்தானே எரியும்? ஆகையால் நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். தடிகளைப் பின்பக்கத்துச் சாய்ப்பில் செங்கல் வைத்து, தரையில் படாமல் அடுக்கச் சொல். மேலே தார்ப்பாய் போடு. கரையான் வராமல் பார்த்துக்கொள்.

இதைக் கேட்டு ஜெயகுமார் சிரிக்கிறான். "இங்கே ஃப்ளாட்டிலிருந்து பத்து நிமிஷத்துல கேஸ்ல தகனம் பண்ற இடம் இருக்குப்பா" என்கிறான். நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் சொல்கிறான். ஆனால் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, சிகிச்சைக்கு வந்த மார்ச்சிலிருந்து, வீட்டை விற்றுவிட்டு இங்கேயே இருங்கள் என்பவனுக்கு நான் சொல்லி வரும் ஒரே பதில் அந்த மரம். "என் மரம் அங்கே நிற்கிறது, நான் போக வேண்டும்" என்பேன். அதற்கு மேல் அவன் பேச மாட்டான். மற்றக் காரணங்களுக்கெல்லாம் அவனிடம் பதில் இருக்கிறது. ஆவணி பிறந்ததும் வந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

இஸ்திரிக்கார முத்தாரம்மாளிடம் என் வெள்ளைச் சட்டை இரண்டு, நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கிடக்கின்றன. வாங்கி வை. கரண்டு இல்லாத நாட்களில் அவள் கரிப்பெட்டிக்கு ஓய்வே இருந்திருக்காதே!

ஆசிகளுடன்,
ஆறுமுகநயினார்


கரமனை
6 ஜூன் 2025

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வைத்துப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

தடிகள் இல்லை ஐயா. போன கடிதத்தில் "அப்புறப்படுத்தியாகிவிட்டது" என்று எழுதினேன். தெருவில் விசேஷமில்லை என்றும் எழுதினேன். இரண்டாவது பொய். முதலாவது பொய்யில்லை, ஆனால் அதைவிட மோசம்.

முத்தாரம்மாள் அக்கா திங்கட்கிழமை இறந்துவிட்டார்.

நீங்கள் சொன்னது போலத்தான், கரண்டு போன மறுநாள் அவர் வண்டிக்கு முன்னால் பெரிய வரிசை. வீட்டில் கரண்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் துணியோடு வந்து நின்றார்கள். அவருடைய கரிப்பெட்டிக்குக் கரண்டு எதற்கு? ஒரு பையன் "அக்கா, பத்து நிமிஷத்துல வேணும்" என்றான். "பத்து வருசமா இந்தப் பக்கமே திரும்பாம போனவருக்கு இப்பம் பத்து நிமிசமோ? நில்லுங்க சார், கரி பழுக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று முழுவதும் நின்றுகொண்டே தேய்த்தார். திங்கட்கிழமை காலையில் பெட்டியில் கரி போட்டுப் பற்றவைத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கரி மட்டும் பழுத்துக்கொண்டே இருந்தது. சபீனா அக்காதான் அதில் தண்ணீர் தெளித்தார்.

சுடுகாட்டில் கரண்டு இல்லாததால் மின்சார அடுப்பு ஓடவில்லை. விறகு கேட்டால் நனைந்த ரப்பர் விறகைக் காட்டினார்கள். மகன் திரவியம் ஹோட்டல் அடுக்களையில் போட்டிருந்த ஏப்ரனோடு வந்து நின்றான். அப்பா நம் முற்றத்தில் கிடந்த தடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐயாவைக் கேட்க வேண்டாமா என்றேன். "ஏட்டி, அந்த ஈர விறக வச்சு எப்பிடி எரிக்க? பாதி வெந்தும் வேகாமயும் கெடக்கணுமா அந்த மனுசி? பெரியவரு கேட்டா நான் பதில் சொல்லுதேன்" என்றார். ஒரு குட்டி லாரியில் ஏற்றினோம். ஒரு தடிகூட மிச்சமில்லை.

எங்கள் ஆட்களைப் புதைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். தெற்கு மரத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விறகுதானே என்று நினைத்துவிட்டோம். அப்பா பதில் சொல்வதாகச் சொன்னாலும் சரி என்றவள் நான்தான். அதை முதல் கடிதத்திலேயே எழுதப் பேனா எடுத்தேன். உங்கள் மரத்தைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருந்தது.

உங்கள் சட்டைகள் அவர் வண்டியின் கீழ்த்தட்டில் இருந்தன. தேய்த்து, மடித்து, செய்தித்தாளில் சுற்றி, மேலே பென்சிலால் ஒரு மாம்பழம் வரைந்திருந்தார். எழுதத் தெரியாததால் வீட்டுக்கு ஒரு படம் வைத்திருந்தார் போல. சபீனா அக்கா வீட்டுப் பொட்டலத்தில் மீன் இருந்தது.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இசக்கியம்மாள்


பெங்களூர்
13 ஜூன் 2025

அன்புள்ள இசக்கியம்மாளுக்கு,

நான்கு நாளாக உன் கடிதம் மேஜையில் கிடந்தது. கோபம் இருந்தது. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் இங்கே தார்ப்பாயும் கரையானும் என்று எழுதிக்கொண்டிருந்தபோது அங்கே சாம்பல்கூட மிச்சமில்லை. என்னைக் கோமாளியாக்கிவிட்டாய். அவ்வளவுதான் கோபம். எழுதிவிட்டேன், தீர்ந்தது.

முத்தாரம்மாள் இருபத்திரண்டு வருஷம் நம் வாசலில் வண்டி போட்டவள். பழவங்காடியில் நான் கணக்கு எழுதிய கடைக்குப் புறப்படும்போதெல்லாம், "நயினார் சாமி, கை மடிப்பு கலையாம போங்க. என் பேரு கெடும்" என்பாள். பார்வதி போன அன்று யாரும் கேட்காமலே என் வேட்டியைத் தேய்த்துக் கேட்டில் தொங்கவிட்டிருந்தாள். அன்று என் கண்ணில் பட்டவற்றில் அது ஒன்றுதான் நேராக இருந்தது. மரம் அவளுக்குப் போனதில் எனக்குக் குறையில்லை. நன்றாக எரிந்ததா என்று மட்டும் எழுது.

இன்னொன்று. தடிகளும் போய்விட்டன என்று ஜெயகுமாருக்குத் தெரிந்ததும், வீட்டை விற்பது பற்றி மீண்டும் பேச்செடுத்தான். மணக்காட்டில் ஒரு பார்ட்டி இருக்கிறதாம். ஆவணிக்குள் முடித்துவிடலாம் என்கிறான். அவனிடம் சொல்ல இனி என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதிலும் தவறில்லை. தனியாக அங்கே நான் என்ன செய்யப் போகிறேன்?

நீ வேறு இடம் பார்க்கத் தொடங்குவது நல்லது. ஆவணிவரை உன்னை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். சட்டைகளைப் பார்சலில் அனுப்பிவிடு.

ஆறுமுகநயினார்


கரமனை
18 ஜூன் 2025

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

நன்றாக எரிந்தது ஐயா. தூறல் இருந்தும் அணையவில்லை. பச்சை மரம் இப்படிப் பற்றுமா என்று திரவியமே கேட்டான்.

இப்போது வீட்டில் கரண்டு இருக்கிறது. கிரீஷ் கம்பத்தில் ஏறி இணைத்துவிட்டு, "இனி மாவு ஒன்னும் இல்லல்லோ?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். சபீனா அக்கா வீட்டுக் கூரைக்குப் புது ஷீட் போட்டாகிவிட்டது. வெளிச்சம் குறைந்துவிட்டதாக இப்போது குறை சொல்கிறார். ஓட்டையில் வந்த வெயில் பழகிவிட்டதாம்.

கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டல் பார்த்தேன். ஒரு அறையில் ஆறு பேர். ஜன்னல் பக்கம் கிடைக்காது என்றார்கள். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் மறுபடியும் மறைத்தவள் ஆவேன். ஆகவே சொல்லிவிடுகிறேன்: இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. இனி எழுதப்போவதில் கொஞ்சம் என் சுயநலமும் இருக்கிறது. கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை திரவியம் அவன் அம்மாவின் வண்டியை எடுக்க வந்தான். நகர்த்தியபோது, சக்கரத்துக்குப் பின்னால் சுவரோரம் ஒரு மாங்கன்று நின்றது. முழங்கால் உயரம். இலை இன்னும் செம்பு நிறத்தில்தான் இருக்கிறது. நம் மரத்துப் பழம்தான். அக்கா தின்றுவிட்டுக் கொட்டையை அங்கேதான் போடுவார் என்று திரவியம் சொன்னான். நானும் பார்த்திருக்கிறேன். அப்பா அதைச் சுற்றி மண்ணோடு பெயர்த்து ஒரு சிமெண்ட் சாக்கில் வைத்துக் கொடுத்தார். கிணற்றடியில் வைத்திருக்கிறேன். வாடவில்லை.

தெற்கு மூலையில் மரம் பெயர்ந்த இடம் பெரிய குழியாகத்தான் கிடக்கிறது. மூட மனம் வரவில்லை. பாதிவரை மண் நிரப்பிச் சாணம் போட்டிருக்கிறேன். அப்பா, "இன்னைக்கே நட்டுரலாமே, மழ இருக்குல்லா" என்றார். நான் வேண்டாம் என்றேன். எப்போதும் சரி என்று சொல்பவள் வேண்டாம் என்றதும் அப்பா ஒரு மாதிரி பார்த்தார்.

தெற்கு மாவை யார் நட வேண்டும் என்று உங்கள் ஆட்களிடம் ஏதாவது வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. யாருக்கு நிற்கப் போகிறதோ அவரே நட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெயகுமார் சாரிடமும் அப்படியே சொல்லுங்கள். மரம் விழுந்துவிட்டது என்றால் அவரிடம் பதில் இருக்கிறது. மரம் நட வேண்டும் என்றால் என்ன சொல்வார் என்று பார்ப்போம்.

சட்டைகளை அனுப்பவில்லை. பார்சலில் மடிப்பு கலைந்துவிடும். அவர் பெயர் கெடக்கூடாது. உங்கள் அறை ஜன்னலைத் தினமும் திறந்து வைக்கிறேன். ஸ்டேஷனுக்கு அப்பா ஆட்டோவோடு வந்து நிற்பார். வாசலில் உள்ள இரண்டு படிக்கும் கைப்பிடி வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கேட்கத் தயங்கியதைக் கடைசியில் கேட்கிறேன். மழை நிற்பதற்குள் வந்து அந்தக் கன்றை நட்டுக் கொடுங்கள். அது உங்களுக்கு உதவுகிற அளவுக்குத் தடி வைக்கப் பதினைந்து வருஷமாவது ஆகும் என்று அப்பா சொல்கிறார். அதுவரை தயவுசெய்து பொறுத்திருங்கள்.

த. இசக்கியம்மாள்